பம்பிங் முப்பதுதான்... அப்பா நடக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் ராத்திரியில் மூச்சுத்திணறி, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஐ.சி.யூ.வில் இருந்தார். எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். இப்போது மாத்திரையில் பரவாயில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது, மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் "கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்றார். ஆனால் அம்மா எழுந்திருக்கவே விடுவதில்லை. குளிக்கும் தண்ணீரைக்கூட அம்மாவே ஊற்றிவிடுகிறார். பாத்ரூம் போய் வந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. தம்பியோ டிரெட்மில் வாங்கி ஹாலில் போட்டுவிட்டு, தினம் பத்தாயிரம் ஸ்டெப் என்கிறான். பலவீனமான இதயத்தை நடக்க வைத்து இன்னும் கெடுத்துவிடுவோமா? நடந்தால் பம்பிங் ஏறுமா? வருடாவருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர் அப்பா. இந்த வருடமும் போவேன் என்று வேறு சொல்கிறார்.
- திண்டுக்கல் வாசகி

பதில்: நடக்கலாம்; நடக்கத்தான் வேண்டும். வீக்கம் வடிந்து, மல்லாந்து படுக்க முடிந்து, மாத்திரையும் ஒத்துக்கொண்டுவிட்ட ஒருவரைக் கட்டிலிலேயே வைத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. தொடங்குவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு தடவை கூட்டிப்போய், "உடற்பயிற்சி ஆரம்பிக்கலாமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ முதலில் அதைக் கவனித்தாக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் கீழே எழுதுவது அப்பாவுக்குப் பொருந்தும். நான் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்முறை மருத்துவர். மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் வேலை என்னுடையது அல்ல. அது உங்கள் டாக்டரின் கையில்.

பாத்ரூம் போய் வந்தால் மூச்சு வாங்குவதை வீட்டில் எல்லோரும் மொத்தமாக இதயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். அதில் பெரும்பங்கு கால்களுடையது. அப்பாவுக்கு இருப்பது இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்): இதயம் நின்றுபோவதல்ல, பம்ப் செய்யும் பலம் குறைவது. அது நாள்பட்டால் தொடைத் தசை மெலிகிறது. இருக்கிற தசையும் ஆக்ஸிஜனைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. அதற்குப் போகும் ரத்தக்குழாய்கள் தேவைக்கேற்ப விரிவதில்லை. அப்படிப்பட்ட தசை நாலு அடி வைப்பதற்குள் களைத்துப்போய், நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, மூச்சு வேகமெடுக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று படுத்தால் தசை இன்னும் கரைகிறது. அடுத்த வாரம் அதே பாத்ரூம் இன்னும் தூரமாகத் தெரியும். இதனால்தான் பம்பிங் 30 உள்ள ஒருவர் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார், அதே 30 உள்ள இன்னொருவர் வாசல் வரை வர முடியாமல் இருக்கிறார். எக்கோவில் வரும் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரால் எவ்வளவு நடக்க முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியை அடிக்கடி சொல்வேன். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நோய் ஒன்றும் இல்லாத, இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உடலின் உழைக்கும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் திரும்ப அழைத்து அளந்தபோது, முப்பது வருட வயது அவர்களுக்குச் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. அவர்கள் இளவட்டங்கள். உங்கள் அப்பா 63 வயதில், சர்க்கரையோடு, மூன்று மாதமாகப் படுத்திருக்கிறார்.

அதற்காக அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களும் சொன்னார்கள். 1960களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஜார்ஜ் பர்ச் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவர், இதயம் வீங்கியவர்களை மாதக்கணக்கில் படுக்கையிலேயே வைத்துச் சிகிச்சை செய்தார். இன்று இருக்கிற மாத்திரைகள் அப்போது கிடையாது. அன்றைய நிலையில் அது ஒரு சிகிச்சைதான். மாற்றம் எண்பதுகளின் கடைசியில் தொடங்கியது. 1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் இதயச் செயலிழப்பு உள்ள சிலரை அவரவர் வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். எட்டு வாரத்தில் இளைப்பு குறைந்தது, திறன் கூடியது. பயந்தபடி இதயம் கெட்டுப்போகவில்லை.

பெரிய அளவிலான விடை 2009இல் வந்தது. ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் என்ற அந்த ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த 2,331 பேர். எல்லோருக்கும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே, அதாவது உங்கள் அப்பாவைப் போன்றவர்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு உடற்பயிற்சியும். உடற்பயிற்சி பாதுகாப்பானது என்பது அதில் தெளிவாயிற்று. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த கணக்கில் கிடைத்த பலன் சிறியது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு 11 சதவீதம் குறைவு என்று வந்தது. அன்றாட வாழ்க்கையின் தரம் கூடியது, மனச்சோர்வும் கொஞ்சம் குறைந்தது. பிறகு 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 44 ஆய்வுகளை, 5,783 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மருத்துவமனையில் சேர்வது குறைகிறது, வாழ்க்கைத் தரம் உயர்கிறது. ஆனால் முதல் ஒரு வருடத்துக்குள் இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் "நடந்தால் ஆயுள் கூடும்" என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தானே குளிக்கலாம், தானே ரேஷன் கடை வரை போய் வரலாம், நடு ராத்திரி ஆம்புலன்ஸுக்கு போன் போடுவது குறையும் என்று சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

பம்பிங் ஏறுமா? உடற்பயிற்சியால் மட்டும் என்றால் ஓரிரு புள்ளி ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். பம்பிங்கை ஏற்றுவது முக்கியமாக மாத்திரையின் வேலை: சாகுபிட்ரில்-வல்சார்டன், பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் என்று இப்போது நான்கு வகை இருக்கின்றன. "நல்லா நடக்கிறாரே, மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். எக்கோவில் அதே 30 இருந்தாலும் மூன்று மாதத்தில் இருமடங்கு தூரம் நடப்பவர்களைப் பார்க்கிறேன். எண் ஏறவில்லை என்று அவர்கள் மனம் உடைந்துபோவதைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நடையில் அல்ல, நாற்காலியில். மூன்று மாதம் படுத்திருந்தவருக்கு முதலில் வேண்டியது எழுந்து நிற்கும் பலம். 2021இல் வெளிவந்த ரீஹாப்-ஹெச்.எஃப். என்ற ஆய்வு இதைத்தான் செய்தது. இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயது தாண்டிய 349 பேரில் பயிற்சிக் குழுவில் இருந்தவர்களுக்குக் கால் பலம், நிலை தடுமாறாமல் நிற்பது, எழுந்து நடமாடுவது, பிறகு நடை என்று நான்கையும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய உடல் இயக்கம் தெளிவாக முன்னேறியது.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போகும், அதற்குத்தான் சுவர். அப்பா நாற்காலியின் முன்பகுதியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தள்ளி ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். முதல் வாரம் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம். நின்று ஒரு மூச்சு; பிறகு தொப்பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். ஐந்து தடவை போதும். காலை ஐந்து, மாலை ஐந்து. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது எட்டுத் தடவை. முக்கிக்கொண்டு செய்யக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பார்க்க இது ஒரு பயிற்சியாகவே தெரியாது. முதல் நாள் மூன்றாவது தடவையிலேயே தொடை நடுங்கும்.

இதோடு சேர்த்து வீட்டுக்குள்ளேயே நடை. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. வழியில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். வேண்டுமானால் உட்காரலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆண்களுக்கு வெட்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் ஆறு நிமிட நடைச் சோதனை வைப்போம். 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, கையில் ஸ்டாப்வாட்ச். அவரவர் வேகத்தில் நடக்கலாம், நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பாதி வழியில் கை கழுவும் முறை பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் அங்கே வந்ததும் நின்று அதை வரிவரியாகப் படிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும். பேருந்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முப்பது வருடம் நின்றபடியே டிக்கெட் கொடுத்தவர், வீட்டு ஹாலில் நாற்காலி தேடுவதைச் சுலபமாக ஒத்துக்கொள்ளமாட்டார். அதை அதட்டிச் சொல்லாமல், நாற்காலியைச் சும்மா போட்டு வையுங்கள்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒரு வேளைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். ஒரே நடையில் பத்து நிமிடம் வந்ததும் வேளையை இரண்டாக்கலாம். தெருவுக்கும் அப்போது இறங்கலாம், மேடு இல்லாத தெருவாக இருந்தால். போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு நாளைக்கு முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அதற்கு இரண்டு மாதம் ஆனாலும் சரி, நான்கு மாதம் ஆனாலும் சரி. நடுவில் சளி, காய்ச்சல் என்று நின்றுபோனால் விட்ட இடத்தில் பிடிக்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

எவ்வளவு வேகம் என்பதற்குத் தம்பி விரலில் மாட்டும் கருவியோடு பின்னால் ஓட வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைச் சொல்லும் கணக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. அந்த மாத்திரையின் வேலையே நாடித்துடிப்பை இறக்கிப் பிடிப்பதுதான். அதைவிட நம்பகமான கருவி பேச்சு. அம்மா கூடவே நடக்கட்டும், எதையாவது கேட்கட்டும். அப்பா ஒரு வாக்கியத்தை உடைக்காமல் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இழுத்தால் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "லேசா இருக்கு" என்பதற்கும் "கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்பதற்கும் நடுவில் பதில் வர வேண்டும். அம்மாவுக்கு ஒரு வேலையும் ஆயிற்று. தண்ணீர் ஊற்றிவிடும் வேலையிலிருந்து அவரை மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குளியலறையில் ஸ்டூல் போட்டுவிட்டு, அப்பாவே உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். அம்மா கதவுக்கு வெளியே நிற்கலாம்.

நடையை முடிக்கும்போது சட்டென்று நிற்கக் கூடாது. அப்பா சாப்பிடும் மாத்திரைகள் பலவும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். கடைசி மூன்று நான்கு நிமிடம் வேகத்தைக் குறைத்துக் குறைத்து வந்து நிறுத்த வேண்டும். தொடங்கும்போதும் அப்படித்தான். காலையில் எழுந்த வேகத்தில் நடையும் வேண்டாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

இனி நீர் மாத்திரை. நடைக்குப் போனால் வழியில் ஒன்றுக்கு வருமே என்று அந்த மாத்திரையை விழுங்காமல் போகிறவர்கள் ஏராளம். திரும்பவும் மருத்துவமனையில் சேர்கிறவர்களில் நான் பார்க்கும் சிலருடைய கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்: நடந்து வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டால் அநேகமாகச் சரி என்பார். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. ஏதாவது சிறிது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் கொட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

நடை முடிந்து வரும் வழியில் இளநீர்க் கடை இருக்குமே! அங்கே கொஞ்சம் பொறுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. ஸ்பைரோனோலாக்டோனும் சாகுபிட்ரில்-வல்சார்டனும் பொட்டாசியத்தை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும். அது மிஞ்சினால் துடிப்பே தாறுமாறாகும். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்து டாக்டர் சம்மதித்தால் ஒழிய தினசரி இளநீர் வேண்டாம். 'இதயத்துக்கு நல்லது' என்று விற்கும் குறைந்த சோடிய உப்பிலும் இதே பொட்டாசியம்தான் இருக்கிறது. தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தால், வியர்த்துவிட்டது என்று அதற்கு மேல் குடிக்கவும் கூடாது.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கிறதா? டிரெட்மில் வாங்கிய காசில் இருபது வாங்கியிருக்கலாம். தினமும் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் நிற்க வைத்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது சதை அல்ல, நீர். அன்றைக்கு நடை கிடையாது, டாக்டருக்குத்தான் போன். கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்பது, தலையணை கூடுதலாகக் கேட்பது, ராத்திரியில் மூச்சுத்திணறி எழுவது, காய்ச்சல் ஆகியவையும் நடையை நிறுத்தி டாக்டரைக் கேட்க வேண்டிய நாட்கள். நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ, தலைச்சுற்றலோ, குளிர்ந்த வியர்வையோ, படபடப்போ வந்தால் உடனே உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்து சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் 108.

டிரெட்மில் விஷயத்துக்கு வருகிறேன். கருவி கெட்டதல்ல, உங்கள் அப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை. தெருவில் நடக்கும்போது வேகம் அவருடையது. பெல்ட்டில் ஏறிவிட்டால் வேகம் இயந்திரத்துடையது. களைத்த கால் அதோடு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறி விழுந்தவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்து, மழைக்காலத்தில் வெளியே போக முடியாதபோது, ஏற்றம் வைக்காமல், மெதுவான வேகத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, பயன்படுத்தலாம். பத்தாயிரம் ஸ்டெப் என்ற கணக்கோ 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது. எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த எண் அல்ல. தம்பிக்கு அது நல்ல இலக்குதான், அவரே நடக்கட்டும்.

எட்டு போட்டு நடக்கலாமா என்றும் அடுத்து யாராவது கேட்பார்கள். நிலைதடுமாறாதவர் நடக்கலாம், எட்டு என்பதற்காகத் தனிப் பலன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், திரும்பித் திரும்பி நடப்பதில் தலைசுற்றினால் நேராகவே நடக்கட்டும். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையில் செருப்பில்லாமல் நடப்பது மட்டும் சர்க்கரை உள்ளவருக்குக் கூடாது. மரத்துப்போன பாதத்தில் புண் வந்ததே தெரியாது. நன்றாகப் பொருந்தும் ஷூ, பருத்திக் காலுறை, திரும்பி வந்ததும் பாதத்தை ஒரு பார்வை.

யோகாவில் மெதுவான மூச்சுப் பயிற்சி நல்லது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொண்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவும் உழைக்கும் திறனும் கூடியதை இத்தாலியில் பெர்னார்டி குழு 1998இல் காட்டியது. மூச்சை அடக்கும் கும்பகம், வயிற்றை வெட்டி வெட்டி மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழாக நிற்கும் சிரசாசனம், சர்வாங்காசனம் இவையெல்லாம் வேண்டாம். நல்ல ஆசிரியராக இருந்தாலும் பம்பிங் 30 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடை நன்றாகப் பழகிய பிறகு கைக்கும் வேலை கொடுக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும், ஒவ்வொன்றும் அரை கிலோ எடை. தோள் உயரம் வரை தூக்கி இறக்குவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். நடையால் மட்டும் திரும்ப வராத தசைப் பலம் இதில் வரும். ஆனால் வீட்டில் 'சின்ன வேலை' என்று பெயர் வாங்கிய சில விஷயங்கள் சின்ன வேலை அல்ல: தண்ணீர்க் குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, மோட்டார் சைக்கிளை சென்டர் ஸ்டாண்டு போடுவது. எல்லாம் மூச்சை அடக்கி முக்கிச் செய்கிற வேலைகள், ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். கழிப்பறையில் முக்குவதும் இதில் சேர்த்தி. மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள்.

ஆறு வாரம், எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் களைப்பு துளிகூடக் குறையவில்லை என்றால் பயிற்சியைக் குறை சொல்லுமுன் ரத்தம் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்பில் இரும்புச்சத்துக் குறைவு மிகச் சாதாரணம். அது குறைவாக இருந்தால் தசை என்ன செய்தும் தேறாது. இதில் மாத்திரையாகச் சாப்பிடும் இரும்பு அவ்வளவாக உதவுவதில்லை, ரத்தக்குழாய் வழியே ஏற்றும் இரும்பு மருந்துதான் நடைத் திறனைக் கூட்டியது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

நான் கவலைப்படுவது முதல் வாரத்தைப் பற்றி அல்ல, நான்காவது மாதத்தைப் பற்றி. முதல் வாரம் வீடே பயந்து கூடவே நடக்கும். நான்காவது மாதம் அப்பா தானே கடைக்குப் போய் வந்துவிடுவார், "அதான் நல்லாயிட்டாரே" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பீர்கள், நடை நின்றுபோகும். சேர்த்த பலம் சில வாரத்திலேயே கரையத் தொடங்கிவிடும். நான் மேலே சொன்ன 2009ஆம் ஆண்டு ஆய்விலேயே, கருவி கொடுத்து, போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தும், மூன்று வருடத்தில் சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான். அதனால் நடையை ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். பால் வாங்குவது, பேரனைப் பள்ளியில் விடுவது, செய்தித்தாள் வாங்கி டீக்கடை வரை போவது (டீயில் சர்க்கரை வேண்டாம், பஜ்ஜி வேண்டவே வேண்டாம்). நடப்பதற்காக நடப்பது நம் ஊர் ஆண்களுக்கு ரொம்ப நாள் ஓடாது. வீட்டுக்கே ஆள் வந்து சொல்லித்தர வேண்டும் என்றால், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பழனிக்கு வருகிறேன். திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நடை, அதன்பின் எழுநூறு படி. இந்தத் தைப்பூசத்துக்கு அது கூடாது. இதில் பேரமே இல்லை. இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல், அன்னதானப் பந்திகளில் உப்பின் அளவு தெரியாமல், நீர் மாத்திரையை விட்டுவிட்டு நடப்பது உடற்பயிற்சி அல்ல. மாலை போட்டு விரதம் இருக்கட்டும், மாத்திரையை விடாத விரதமாக. கூட்டம் குறைந்த ஒரு நாளில் பேருந்தில் போய், மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் தன் வேகத்தில் நடக்கட்டும். ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், சமதளம். வீட்டில் நிற்காமல் முப்பது நிமிடம் நடக்கப் பழகியவரால் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அதை முடிக்க முடியும். மேலே போக ரோப் கார் இருக்கிறது, அது பராமரிப்பில் இருந்தால் விஞ்ச் இருக்கிறது. அடுத்த வருடம் பாதயாத்திரையில் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் சேர்ந்துகொள்ளலாமா என்பதை அப்போது அவர் கால் சொல்லட்டும்.

அடுத்த ரிவ்யூவில் டாக்டரிடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். மூன்று மாதம் முழு அளவு மாத்திரை சாப்பிட்ட பிறகும் எக்கோவில் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழேயே நின்றால், திடீர் துடிப்புக் கோளாறிலிருந்து காக்கும் ஐ.சி.டி. கருவி தேவைப்படுமா என்பது ஒன்று. அதை வைக்கிறார்கள் என்றால், எந்தத் துடிப்பு எண்ணிக்கையில் அது ஷாக் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு எங்களைப் போன்றவர்களிடம் காட்டுங்கள்; பயிற்சியில் துடிப்பு அதற்குப் பத்து, இருபது கீழேயே நிற்க வேண்டும். வைத்த பக்கத்துக் கையைச் சில வாரம் தோளுக்கு மேல் தூக்கவும் கூடாது. இரண்டாவது கேள்வி, அங்கே இதய மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா, ஆறு நிமிட நடைச் சோதனை ஒன்று எடுத்துக்கொடுக்க முடியுமா என்பது. எடை எழுதிய நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இந்தக் கேள்விகளை அதன் கடைசிப் பக்கத்தில் முதல் நாளே எழுதி வையுங்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் மறந்துபோகிறது.